முழங்கால் வலியும் முனைவர் பட்டமும்

சித்திரை பிறந்த மறுநாள் காலையில் என் கணவர் ராகவேந்திரன் நான்கு தீர்மானங்களை அறிவித்தார். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுதி முடிப்பது. தினமும் நடப்பது. மொட்டைமாடியில் தோட்டம் போடுவது. மனைவியிடம் அன்பாக இருப்பது. நான்காவதைப் பற்றி என்னைக் கலந்து ஆலோசிக்கவில்லை.

அவர் ஆராய்ச்சி மாணவர். வயது அறுபத்தாறு. தலைப்பு, மயிலாப்பூர் வீட்டுத் தோட்டங்களின் சமூக வரலாறு. எங்கள் அபிராமபுரம் வீட்டில் இருக்கும் ஒரே துளசிச் செடிக்கு ஒரு நாளும் ஒரு செம்பு தண்ணீர் விட்டறியாதவர் எழுதும் வரலாறு அது.

இளம் வயதில் ஒருமுறை ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, குடும்பத்துக்காகப் பாதியில் விட்டுவிட்டுக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனவர். ஓய்வு பெற்றதும் மறுபடி சேர்ந்தார். ஐந்து அத்தியாயங்களை விறுவிறுவென்று எழுதினார். ஆறாவதில் நின்றார். நின்றவர் நின்றவர்தான். பல்கலைக்கழகம் கொடுத்த நீட்டிப்பு ஜூன் மாதத்தோடு முடிகிறது. தவறினால் பதிவு ரத்து. இதையும் பாதியில் விட்டால் இன்னொன்றைத் தொடங்க அவருக்குத் துணிவு வராது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அந்தப் பயத்தினால்தான் பேனாவைக் கண்டாலே மாடிக்கு ஓடினார்.

தோட்டத்துக்கான தொட்டிகளையும் செம்மண்ணையும் வண்டியில் கொண்டுவந்து இறக்கியவர் செடி விற்கும் டில்லிபாபு.

"இன்னா சார், கத்திரி வெயில்ல தோட்டம் போட்றியே? செடிக்கு முன்னாடி நீ வாடிடப் போற."

"இது ஆராய்ச்சிப்பா."

"அப்ப சரி. செடி செத்தாலும் எழுதிக்கலாம்."

அதன்பின் தினமும் காலையில் மேலே போவார், சாப்பாட்டுக்கு இறங்குவார். ஒருநாள் புடவை உலர்த்தப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் மடக்கு நாற்காலி போட்டிருந்தது. வெண்டைச் செடிகள் நிமிர்ந்து நின்று வளர்ந்துகொண்டிருந்தன. வரலாற்றாசிரியர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, சுகர் எல்லைல நிக்கறது, தினம் நடக்கணும்னு டாக்டர் சொன்னாரே?"

"மாடிப்படி ஏறறேனே, அது நடையில்லையா?"

"ஒரு தடவைதானே ஏறறேள்?"

"இறங்கறதை நீ கணக்குலயே சேத்துக்க மாட்டேங்கற, விசாலம்."

"எழுத்து?"

"மேடம் சொல்லிட்டா. முதல்ல கையில மண் ஒட்டணுமாம். அப்புறந்தான் பேனா பிடிக்கணுமாம்."

மேடம் என்பவர் அவருடைய ஆய்வு நெறியாளர், முனைவர் ஆஃப்ரீன். எங்கள் மகள் வயதுதான் இருக்கும் என்று கேள்வி. நான் பார்த்ததில்லை. நானும் அவரும் சந்திக்க மாட்டோம் என்ற நம்பிக்கையின்மேல்தான் என் கணவர் தம் கோடைக்காலத்தையே கட்டியிருந்தார் என்பது பிறகே தெரிந்தது.

மே மாதத்தில் ஒரு காலை. அவர் மாடியில். நான் முக்காலிமேல் ஏறிப் பரணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் மறந்து வைத்துவிட்டுப் போன கைபேசி ஒலித்தது. எடுத்தேன்.

"சார் இல்லையா? ஐயோ, ஆன்ட்டியா பேசறீங்க? நான் ஆஃப்ரீன். உங்களைப் பாக்கத்தான் வந்திருக்கேன், கீழ கேட் பக்கத்துல நிக்கிறேன். நீங்க எழுந்திருக்காதீங்க ஆன்ட்டி, ப்ளீஸ். முழங்கால் வலியில ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியலைன்னு சார் சொன்னார். வீட்டு வேலை பூரா அவர் தலையிலதான், அதனாலதான் எழுத முடியலைன்னு ரொம்ப வருத்தப்பட்டார்."

முக்காலியின்மேல் நின்றபடி இதைக் கேட்டேன்.

"கதவு திறந்துதாம்மா இருக்கு, வா," என்றேன்.

லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டு மாடி ஏறும் நேரம், சிந்திக்கப் போதுமானது. நான் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். பொய் சொல்லும் வழக்கமில்லை. அன்றும் சொல்லவில்லை. தாழ்ப்பாளை நீக்கினேன். சோபாவில் சாய்ந்தேன். முழங்காலுக்கு ஒரு தலையணை வைத்தேன். அவ்வளவே.

ஆஃப்ரீன் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வந்தார். என் காலைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. சற்று நேரத்தில் என் கணவர் மாடியிலிருந்து சீட்டியடித்துக்கொண்டு இறங்கி வந்தார். வாசலில் சீட்டி நின்றது.

"சார், என்னை மன்னிச்சிடுங்க. நீங்க சொன்னப்போ கொஞ்சம் ஜாஸ்தியா சொல்றீங்களோன்னு நினைச்சேன்."

"இல்ல மேடம்... வந்து..."

"இவர் இல்லைன்னா என் கதி என்னம்மா?" என்றேன். "ஏன்னா, வெயில்ல வந்திருக்கா. மோர் கரைச்சுக் கொடுங்கோளேன்."

சமையலறையில் ஏதோ உருண்டது. பிறகு ஒரு குரல்:

"விசாலம், பெருங்காயம் எங்க இருக்கு?"

"எப்பவும் நீங்க வைக்கற இடத்துலதான்னா!"

மோர் வந்தது. அதில் உப்பு இல்லை. ஆஃப்ரீன் ஒரு வாய் குடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"சார், நான் யோசிச்சுட்டேன். இந்த நிலைமையில உங்களை எழுதச் சொல்றது பாவம். ரெஜிஸ்ட்ரேஷன் போனா போகட்டும். ஆன்ட்டிதான் முக்கியம்."

என் கணவரின் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்தது. அந்த ஒரு நொடிதான் என்னைக் கலங்கச் செய்தது. அறுபத்தாறு வயதில் ஒரு மனிதர், தாம் மிகவும் விரும்பிய ஒன்றைக் கைவிடுவதற்குக் கௌரவமான காரணம் கிடைத்துவிட்டதென்று மகிழ்கிறார். அதை நான் அனுமதிப்பதற்கில்லை.

"அப்படி மட்டும் சொல்லிடாதேம்மா," என்றேன். "தினம் சாயங்காலம் அவர் எழுதினதைப் படிச்சுக் காட்டினா, அந்த நேரம் வலியே தெரியறதில்லை. எனக்கு அதுதான் மருந்து."

"அப்படியா ஆன்ட்டி! சார், இதை ஏன் சொல்லவே இல்ல? அப்போ தினமும் எழுதறதை எனக்கும் அனுப்பிடுங்க. நான் சாயங்காலம் வீடியோ கால் பண்ணி ஆன்ட்டியையும் பாத்துக்கறேன்."

அவர் போனதும் என் கணவர் கதவைச் சாத்தினார்.

"போயிட்டா. எழுந்திரு, விசாலம்."

"எப்படின்னா எழுந்திருக்கறது? ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாதே!"

"விளையாடாதே."

"சரி, மேடத்தைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிடட்டுமா?"

அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"மத்தியானத்துக்கு என்ன சமைக்கறது?" என்று கேட்டார்.

"வத்தக்குழம்பு. தொட்டுக்க வெண்டைக்காய். ஆராய்ச்சிலேர்ந்து பறிச்சுண்டு வாங்கோ."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒழுங்கு பிறந்தது. விடிந்ததும் மந்தைவெளிக்கு நடந்துபோய்க் காய்கறி வாங்கி வருவார். அந்த நேரத்தில் நான் வீட்டுக்குள் நன்றாகவே நடந்தேன். அவருக்காக என் உடம்பைக் கெடுத்துக்கொள்ள முடியுமா? திரும்பி வந்து சமைப்பார். அரிசி களைந்த தண்ணீரை வாளியில் எடுத்துக்கொண்டு செடிகளுக்கு ஊற்ற மாடி ஏறுவார். பிற்பகலில் எழுதுவார். மாலையில் படிப்பார், நான் திருத்துவேன். ஆஃப்ரீன் வீடியோவில் வரும்போது தலையணையைச் சரி செய்துகொள்வேன்.

ஒருநாள் காய்கறிப் பையோடு வந்தவரை டில்லிபாபு வாசலில் மடக்கியது பால்கனிவரை கேட்டது.

"இன்னா சார், பாதியாப் பூட்ட? வூட்ல சோறு போட்றாங்களா இல்லியா?"

"நான்தான்பா சமைக்கறேன்."

"அதான் பாத்தேன்."

உண்மையிலேயே இளைத்திருந்தார். பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், புது மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று விசாரித்தார்.

அத்தியாயத்தையும் சொல்ல வேண்டும். முதல் ஐந்திலும் மரங்களுக்குப் பெயர் இருந்தது, வீட்டுக்காரர்களுக்குப் பெயர் இருந்தது. ஆறாவதில்தான், அடுப்புக்கும் கொல்லைக்கும் நடுவில் அரிசி களைந்த தண்ணீரைச் சுமந்து நடந்த பெண்கள் வந்தார்கள். "வாளியைத் தூக்கினப்புறந்தான் இத்தனை நாள் யாரை விட்டுட்டேன்னு தெரிஞ்சுது" என்று படிப்பதை நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார். அன்று எனக்கு வலி உண்மையாகவே மறந்துபோயிற்று. இல்லாத வலி எப்படி மறக்கும் என்று கேட்காதீர்கள்.

ஜூன் கடைசி வாரத்தில் ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்டது. தம் பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நீல அட்டை, பொன்னெழுத்து. முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"முடிஞ்சுது, விசாலம்! நாளைக்கே மேடத்துக்கு போன் போட்டு, உனக்குக் கால் சரியாயிடுத்துன்னு சொல்லிடப் போறேன். காலம்பற காபி நீதான்."

"ரொம்ப சந்தோஷம்," என்று புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். முதலில் உறுதிமொழி: இதில் கூறப்பட்டுள்ளவை யாவும் உண்மை. கீழே அவர் கையெழுத்து. அடுத்து நன்றியுரை. உரக்கப் படித்தேன்.

"'முழங்கால் நோயினால் இனி நடமாடவே இயலாது என்று மருத்துவர்கள் கைவிட்ட நிலையிலும், படுத்த படுக்கையாக இருந்துகொண்டே இவ்வாய்வின் ஒவ்வொரு வரியையும் செவிமடுத்த என் மனைவி விசாலாக்ஷிக்கு...' மருத்துவர்கள் எப்பன்னா கைவிட்டா?"

"அது... மேடம் படிப்பாளேன்னு, கொஞ்சம் உருக்கமா..."

"திருப்பி வாங்கி மாத்த முடியுமா?"

"முடியாது. வெளியூர்த் தேர்வாளர்களுக்குப் போயாச்சு. அவா பட்டம் கொடுத்தா, அப்புறம் நூலகத்துல நிரந்தரமா..."

நான் புத்தகத்தை மூடினேன். தலையணையை முழங்காலுக்கு அடியில் சரியாக வைத்துக்கொண்டேன்.

"அப்போ இனிமே நான் எழுந்து நடந்தா உங்க பட்டமே போயிடும். காலம்பற டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கெட்டியா இறக்குங்கோ."