நனைந்த எரிமலை

வாழ்க, இரண்டாம் வகுப்புகளின் வேந்தே. நாற்பத்தொரு பள்ளிகளில் காகிதக்கூழ் மலையை நுரை கக்க வைத்த நாயகனே. அறிவியலை ஒரு கையிலும் கற்பனையை மறு கையிலும் ஏந்தி, இரண்டிலும் பிடி தளர்ந்தவனே. உன் நாற்பத்திரண்டாம் போரைப் பாடுகிறோம்.

பசையும் பென்சில் சீவலும் மணக்கும் வகுப்பறையில், முழங்கால் உயர நாற்காலிகள் அணிவகுத்த களத்தில், புதுச் சட்டை கவசமாக, கதை எழுதக் கற்றுத்தரும் எழுத்தாளர் புகுந்தார். கடைசி வரிசையில், குழந்தை நாற்காலி ஒன்றில் ஒடுங்கி அமர்ந்திருந்தார் தலைமை ஆசிரியை. ஆண்டுவிழாவுக்கு யாரைச் சிறப்பு விருந்தினராக அழைப்பது என்பதை அன்று அவர் முடிவு செய்வார். எழுத்தாளருக்கு இது தெரியும். சட்டை வாங்கியதே அதற்குத்தான்.

அவர் கரும்பலகையில் தம் சாசனத்தைப் பொறித்தார்: "பார்த்ததை மட்டும் எழுது." அதன் கீழே கதையின் முதல் வரியையும் கடைசி வரியையும் தாமே எழுதினார். கற்பனையை இரு முனையிலும் முளையடித்துக் கட்டி மேய விடுவது அவர் மரபு. "எரிமலை வெடித்தது, நாங்கள் வியந்தோம்" என்பது கடைசி வரி. மேசைமேல் இருந்த மலை இன்னும் வெடிக்கவில்லை. நாற்பத்தொரு முறை வெடித்தது நாற்பத்திரண்டாம் முறை வெடிக்காதா என்ன?

ஆனால் ஊழ், துடைப்பத்தோடு முன்பே வந்து போயிருந்தது. சமையல் சோடாவைப் பொங்க வைக்கும் வினிகரை எழுத்தாளர் பழைய தண்ணீர் பாட்டிலில் கொண்டுவருவார். வகுப்புக்கு முன் அவர் மேசையில் வைத்துவிட்டுப் போன அதை, துடைக்க வந்த ஆயா முகர்ந்து பார்த்தார். "பாவம், சாருக்கு யாரோ புளிச்சுப்போன தண்ணி குடுத்திருக்காங்க" என்று இரங்கினார். பாட்டிலைக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, துடைத்து வைத்தார்.

"பூமியின் அடிவயிறு கலங்குவதைக் காண்பீர்" என்று முழங்கிய வேந்தர், பகைவன் மார்பில் வேல் இறக்கும் வீரனைப்போல் பாட்டிலைக் கவிழ்த்து, மலைவாயில் நிறைத்த சோடாவின் மேல் கடைசிச் சொட்டுவரை பொழிந்து, இடி வரும் திசைக்குச் செவி சாய்த்து நின்றார். சிவப்புச் சாயம் கரைந்து மேசையில் வழிந்தது.

"நனைஞ்சுடுச்சு சார்" என்றாள் முன்வரிசையில் முன்பல் இல்லாத ஒருத்தி.

"மனக்கண்ணால் காணுங்கள், அதுவே கற்பனை" என்று பிரகடனம் எழுந்தது. தோற்ற மன்னர்களின் முடிகளைப்போல் இருபத்தெட்டுப் பென்சில்கள் தாழ்ந்தன. இருபத்தெட்டு எரிமலைகள் வெடித்தன, இருபத்தெட்டுப் பேர் வியந்தார்கள். பல் விழுந்தவளின் பென்சில் மட்டும் படுத்தே கிடந்தது. வேந்தர் அவளை நோக்கிப் படை நடத்தினார்.

"நீயும் எழுதும்மா."

"வெடிக்கலையே சார்."

"வெடிச்ச மாதிரி நினைச்சுக்கோ."

"பார்த்ததை மட்டும்னு நீங்கதான சார் எழுதிப் போட்டீங்க."

கோட்டை வாயிலைத் தானே இடிக்கும் அரசனைப்போல் அவர் திரும்பிச் சென்று, துடைப்பானை எடுத்து, "மட்டும்" என்ற சொல்லை அழித்தார்.

"அப்பவும் நான் பார்க்கலையே சார்."

"பார்த்ததை" என்பதும் அழிந்தது. சாசனத்தில் "எழுது" மட்டும் எஞ்சியது.

அவள் எழுதினாள். நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, அழித்து அழித்து, மூன்று வரி. தலைமை ஆசிரியை நாற்காலியிலிருந்து தம்மை விடுவித்துக்கொண்டு வந்து, தாளை எடுத்து, வகுப்புக்கே கேட்கும்படி படித்தார்: "சார் மலை மேல் தண்ணீர் ஊற்றினார். மலை நனைந்தது. பிறகு சார் போர்டை அழித்தார்."

நாற்பத்தொரு வெற்றிகளின் நாயகர், மூன்றே வரிகளால் வீழ்ந்தவர், ஈர மலையை மார்போடு அணைத்து, புதுச் சட்டையில் சிவப்புச் சாயம் விழுப்புண்ணாய் விரிய, வரலாறு தம்மைப் பின்னர் போற்றும் என்ற உறுதியோடு களம் நீங்கினார்.

ஆண்டுவிழாவுக்கு மேஜிக்காரரைக் கூப்பிட்டார்கள்.