கறிவேப்பிலை ஹாஸ்டலின் வார்டன்

செடியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இலை கிள்ளுகிற மனுஷி நியூஜெர்சி மாநிலத்திலேயே எங்கள் வார்டன் ஆன்ட்டி ஒருத்தர்தான். இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள். வீட்டுக்கு ஒரு தொட்டிக் கறிவேப்பிலை. அக்டோபரில் குளிர் தொடங்கியதும் உள்ளே தூக்கி வைக்காவிட்டால் செடி காலி. தெற்குப் பார்த்த பெரிய கண்ணாடி அறை ஆன்ட்டி வீட்டில் மட்டும்தான். அதனால் தெருவின் செடிகள் மொத்தமும் மே மாதம் வரை அங்கேதான் தங்கும்.

அட்மிஷன் சுலபமில்லை. "இதுக்கு ஜன்னலோரம் பிடிக்குமா? கூட்டம்னா ஒத்துக்குமா?" என்று இன்டர்வியூ நடக்கும்.

"ஆன்ட்டி, இது ரசத்துல போடற செடி."

"அது காதுபட அப்படிச் சொல்லாதீங்க தம்பி."

ஆன்ட்டி சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையை விட்டுவிட்டு, ஐம்பது வயதில் தத்துவத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஒரு சீமாட்டியைப் பற்றி. இயற்கை ஒன்றும் சாவி கொடுத்தால் ஓடும் கடிகாரம் இல்லை, அதன் ஒவ்வொரு துணுக்குக்கும் உயிரும் அறிவும் உண்டு என்று எழுதிய அம்மணி. மைக்ராஸ்கோப்பையே நம்பாதவர். மேல்தோலைப் பெரிசாக்கிப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரிந்துவிடுமா என்று கேட்டவர். அந்தக் காலத்துப் படித்த ஆண்கள் சிரித்தார்களாம். எங்கள் தெருவும் சிரித்தது, நான் கொஞ்சம் சத்தமாகவே.

ஆனால் பேராசிரியர்கள் முன்னால் நின்றால் ஆன்ட்டிக்கு வாய் அடைத்துவிடும். ஒத்திகையில் இரண்டு முறை பாதியில் நிறுத்திவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஏப்ரலில் இறுதி வாய்மொழித் தேர்வு. அங்கேயும் பேச்சு வராவிட்டால் ஆறு வருஷப் படிப்பும் வீண்.

மார்ச் மாதம் செடிகள் எல்லாம் மொட்டையாகிவிட்டன. தெரு கொதித்தது. என் தலைமையில் ஏழு பேர் ஆன்ட்டி வீட்டுக்குப் படையெடுத்தோம்.

"ஆன்ட்டி, என்னோடது போயிடுச்சு. நகத்தால கீறிப் பார்த்தா தெரிஞ்சிடும், உள்ள பச்சை இருக்கா இல்லையான்னு."

நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டார்.

"தோலைக் கீறி என்னத்தைத் தெரிஞ்சுப்பீங்க? இலையை உதிர்க்கணும்னு அதுக்கு யார் சொல்லிக் குடுத்தா? நீங்க ப்ரோக்ராம் பண்ணீங்களா? இன்னும் வெயில் வரலைன்னு அதுக்குத் தெரியுது, உங்களுக்குத்தான் தெரியலை!"

நாற்பது நிமிஷம். சீமாட்டி வந்தார், கடிகாரம் வந்தது, மைக்ராஸ்கோப் வந்தது. ஒரு தடுமாற்றம் இல்லை. சண்டைக்குப் போன ஏழு பேரும் சுவரோரம் உட்கார்ந்து கேட்டோம்.

"ஆன்ட்டி, இதையே அங்க போய்ச் சொல்லுங்களேன்."

"அங்க திட்டறதுக்கு உங்களை மாதிரி யாரு தம்பி இருக்கா?"

"அப்ப என் செடியைக் கூட்டிட்டுப் போங்க."

கூட்டிக்கொண்டுதான் போனார், சீட் பெல்ட் போட்டு. மொட்டைக் குச்சியைத் தேர்வு மேஜையில் வைத்து, அதைக் காட்டிக் காட்டிப் பேசினாராம். சாயங்காலம் டாக்டராகத் திரும்பி வந்தார்.

மே மாதம் எல்லாத் தொட்டிகளும் துளிர்த்தன, என்னுடையதைத் தவிர. தொட்டியோடு என் வாசலில் வந்து நின்ற ஆன்ட்டிக்குக் கண் கலங்கியிருந்தது.

"உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன் தம்பி."

எனக்கு முன்பே தெரியும். தேர்வுக்கு முதல் நாள் அவர் காபி போட உள்ளே போன சமயம் கீறிப் பார்த்துவிட்டேன். உள்ளே வெறும் விறகு. அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, இன்றுவரை சொல்லவும் இல்லை.

தன் செடியின் கன்று ஒன்றை அதே தொட்டியில் நட்டுக் கொடுத்தார். இப்போது டெக்சாஸில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். அவர் இல்லாத தெரு எனக்கு இன்னும் பழகவில்லை. கன்று என் தோள் உயரம் வளர்ந்துவிட்டது. ரசத்துக்கு நாலு இலை கிள்ளுவதற்கு முன்னால், யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, "ஸாரிப்பா" என்கிறேன்.