டிம் அடித்த கிட்டார்

இந்த நீலகிரி மலையில் கிட்டாரை அழவைக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்திருக்கலாம். அழ ஆரம்பித்த கிட்டாரை நிறுத்தத் தெரியாமல் தவித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் தேவாலா ஊர் முழுக்க அவரை ‘நடுக்கம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதை கொடுக்க நினைத்தவர்கள் ‘நடுக்கத்தார்’ என்றார்கள். அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. நடுங்கியது அவருடைய பெட்டி.

பிள்ளைகளே, உங்கள் அம்மா குடும்பமும் அவரும் சிலோனிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். மற்றவர்கள் சட்டி பானை, துணிமூட்டை என்று தூக்கிவர, இவர் ஒரு கிட்டாரையும் அதன் சத்தத்தைப் பெரிசாக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போன துரை கொடுத்ததாம்.

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம். சத்தத்தை நடுங்கவைக்கும், குளிரில் நிற்கிறவன் பேசுகிற மாதிரி. அதற்கென்று ஒயர் போட்ட கால் சுவிட்ச் ஒன்று உண்டு. ஒரு தடவை மிதித்தால் நடுக்கம் நிற்கும். இன்னொரு தடவை மிதித்தால் வரும். சுவிட்சே இல்லையென்றால் நடுக்கம் நிற்கவே நிற்காது. சிலோனில் இவர் அந்தச் சுவிட்சை, தோட்டத்து லயத்தில் தன் வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். கிளம்புகிற அன்று காலையில் எல்லாவற்றையும் தேடித் தேடிக் கட்டினார்கள். கதவுக்கு அடியில் யாரும் பார்க்கவில்லை.

“ராமேஸ்வரத்துல எறங்குனப்பதான் தம்பி நெனப்பு வந்துச்சு. திரும்பிப் போயி கதவ மூடிட்டா வர முடியும்?” என்பார்.

அதற்குப் பிறகு அவர் என்ன வாசித்தாலும் அழுகைதான். தாலாட்டு வாசித்தால் தூங்கின பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தன. சுதந்திர தினத்துக்கு வாசித்தபோது இங்கே தேயிலைத் தோட்டத்து மானேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யார் தவறிப்போனது என்று பக்கத்தில் கேட்டார். கடைசியில் சாவு வீடுகளிலிருந்து மட்டும்தான் அவருக்கு ஆள் வந்தது. ஆஸ்பத்திரியில் முடியாமல் கிடந்த பெரியவர் ஒருவர், இவர் கிட்டாரோடு பஸ்ஸிலிருந்து இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, எழுந்து நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆனால் அவருக்கு ஒரு கல்யாணம் பாக்கி இருந்தது. கப்பலில் உங்கள் அம்மா அழுதுகொண்டே வந்திருக்கிறாள். “அழாத தாயி. ஒங் கல்யாணத்துக்கு நாந்தான் வாசிப்பேன். அதுக்குத்தான் இந்தப் பொட்டியத் தூக்கிட்டு வாரேன்” என்றிருக்கிறார். அவள் நம்பிவிட்டாள். எனக்கும் அவளுக்கும் நிச்சயமானதும் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சே இதுதான்: “அவரு வாசிக்காட்டி நான் மணவறைக்கு வரமாட்டேன்.”

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருந்த என் பெரியப்பா ஒத்திகையைக் கொஞ்சம் கேட்டார். அப்பா இல்லாத எனக்குத் தாலி எடுத்துக் கொடுக்க வேண்டியவர் அவர்தான்.

“ஏஞ்சாமி, இது கல்யாண ஊடா, எழவு ஊடா?”

“வாசிக்கறவரு நல்ல மனுசருங்க பெரியப்பா.”

“நல்லவராவே இருக்கட்டும். தாலி கட்டையில இந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன், பாத்துக்க.”

வாசிக்காவிட்டால் பெண் வராது. வாசித்தால் பெரியப்பா போய்விடுவார். அந்தக் கால் சுவிட்ச் கிடைத்தால்தான் எனக்குக் கல்யாணம் என்று ஆகிவிட்டது.

நானும் நடுக்கத்தாரும் ஊட்டியில் வாத்தியக் கடைக்குப் போனோம். “இதெல்லாம் சீமையில இருந்து வரோணுங்க” என்றார் கடைக்காரர்.

“எப்ப வருமுங்க?”

“வராதுங்க.”

நடுக்கத்தார் காலிங்பெல் பொத்தானை வைத்துப் பார்த்தார். மிதித்துக்கொண்டே இருந்தால்தான் நடுக்கம் நின்றது. பாதிப் பாட்டில் கால் மரத்துப்போய் எடுத்தார். அதுவரை சிரித்த பாட்டு திடீரென்று அழுதது. பொத்தான்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தோம். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நடுக்கம் வேண்டுமென்றால் கல்லைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். வீட்டுச் சுவரில் இருக்கிற சுவிட்சைத் தரையில் பொருத்திக் கால் கட்டைவிரலால் தட்டினார். சுவிட்ச் நொறுங்கியது. விரலுக்குக் கட்டுப் போட்டார்கள்.

“நடுக்கமே வராம ஒயரை ஒண்ணா முறுக்கிவிட்டுரலாமுங்களே” என்றேன்.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். “அது என்னா தம்பி பேச்சு? தாலி கட்டுறப்ப நடுங்கக்கூடாது, சரி. பொண்ண அனுப்புறப்ப நடுங்கணும். நடுங்காம அனுப்பி வச்சா அது என்னா அனுப்புறது?”

அப்போது நான் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரிக்கு டிரைவர். ஒரு சாயங்காலம் கூடலூரிலிருந்து அவரை ஏற்றிக்கொண்டு வந்தேன். நல்ல மூடுபனி. எதிரே பஸ் வரும்போதெல்லாம் விளக்கைத் தணித்து ஏற்றிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் என் லாரியில் ஏறினால் பயந்துபோய் ரோட்டைப் பார்ப்பார்கள். அவர் என் காலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“தம்பி, ஒங்க எடது கால் என்னா பண்ணுது?”

“டிம் அடிக்கிறேனுங்க.”

“ஒருக்கா மிதிச்சா?”

“டிம்முங்க.”

“இன்னொருக்கா மிதிச்சா?”

“பிரைட்டுங்க.”

அடுத்த வளைவு வரை தன் காலால் லாரித் தரையை மிதித்து மிதித்துப் பார்த்தார். பிறகு, “வண்டியத் திருப்புங்க” என்றார்.

கூடலூர் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் இருந்தவர் மலையாளி. “டிம்மர் சுவிட்சா? ஏது வண்டி?” என்று கேட்டார்.

“வண்டி இல்லீங்க. கிட்டாரு.”

கடைக்காரர் சரக்கு நோட்டைத் திறந்தார். “டீசலோ?”

எதுவாக இருந்தாலும் சரக்கு மழை கழிந்துதான் வரும் என்றார். கல்யாணம் மழைக்குள். ஆகவே என் லாரியின் சுவிட்சையே கழற்றிக் கொடுத்தேன். அது இல்லாமல் முன்விளக்கு எரியாது. பொழுதோடு ஏன் வண்டியை நிறுத்திவிடுகிறாய் என்று மானேஜர் கேட்டார். கல்யாண மாப்பிள்ளைங்க என்றேன்.

நடுக்கத்தார் அதைத் தேயிலைப் பெட்டிப் பலகையில் முடுக்கி, மைக்செட்காரரிடம் ஒரு பின் வாங்கி ஒயரில் கோத்து, பெட்டியில் செருகி மிதித்தார். நடுக்கம் நின்றது. மிதித்தார். வந்தது. அன்றைக்கு அவர் பாட்டே வாசிக்கவில்லை. ஒரே கம்பியைத் தட்டித் தட்டி, மிதித்து மிதித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணம் தோட்டத்து கிளப்பில். தாலி கட்டும்போது எல்லாரும் பெண்ணைப் பார்த்தார்கள். பெரியப்பா நடுக்கத்தார் காலைப் பார்த்தார். கிட்டார் வெயிலில் காயப்போட்ட வேட்டி மாதிரி விறைப்பாகப் பாடியது. பெரியப்பா எந்திரிக்கவில்லை.

சாப்பாடெல்லாம் முடிந்து கிளம்பும்போது பனி இறங்கிவிட்டது. பெண்ணையும் என் சொந்தக்காரர்களையும் என் லாரியில்தான் ஏற்றினோம். வேறு டிரைவர் கிடையாது. மாப்பிள்ளை நானே ஏறி உட்கார்ந்து விளக்கைப் போட்டேன். எரியவில்லை. அப்போதுதான் உறைத்தது.

மாலையோடு இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றேன். அவர் வாசித்துக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்ததும் மிதிக்க வேண்டும் என்று காலைத் தயாராகச் சுவிட்சின்மேல் வைத்திருந்தார்.

“ஐயா, சுவிட்சு வேணுமுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். வெளியே பனியைப் பார்த்தார். லாரியில் உட்கார்ந்திருந்த உங்கள் அம்மாவைப் பார்த்தார். பின்னைப் பிடுங்கிப் பலகையோடு என் கையில் கொடுத்தார். நான் பட்டு வேட்டியோடு லாரிக்குள் குனிந்து அதைப் பொருத்தி முடிக்கும்வரை அவர் வாசிக்கவில்லை. பாவம், வேலையைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

வண்டி நகர்ந்தது. அவர் கம்பியைத் தொட்டார். சுவிட்ச் இல்லாத பெட்டி, யாரும் மிதிக்காமலே தானாக நடுங்கியது.

உங்கள் அம்மா அழுதாளா என்று கேட்காதீர்கள். பக்கத்தில் பெரியப்பா துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பனி சாமி, பனி” என்றார்.

முதல் வளைவில் திரும்பினால் மேலே கிளப்பிலிருந்து லாரி விளக்கு தெரியும். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. இருந்தாலும் இடது காலால் ஒரு தடவை டிம் அடித்து ஏற்றினேன், அவர் பார்க்கட்டும் என்று.