பதினேழு குறை உள்ள சாம்பல் கார்

"சார், அடியில போய் கால்மணி நேரமாச்சு. உயிரோட இருக்கீங்களா?" என்று புரோக்கர் குனிந்து கேட்டார்.

நீலக் காருக்கு அடியிலிருந்து இரண்டு ஷூக்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மழை தூறிக்கொண்டிருந்தது. ஷூக்கள் அசையவில்லை.

"சைலன்ஸர்ல துரு," என்று ஒரு குரல் மட்டும் வந்தது. "இருபத்தி ஒன்பதாவது குறை."

ஷூக்களுக்குச் சொந்தக்காரர் ஒரு லிஃப்ட் ஆய்வாளர். இருபத்திரண்டு வருடமாக ஊரிலுள்ள லிஃப்டுகளின் கம்பிகளைத் தடவிப் பார்த்து, எது எப்போது அறுந்து விழும் என்று எழுதிக் கொடுப்பவர். பாவம், அந்த உத்தியோகம் அவருடைய ரத்தத்தில் ஊறிவிட்டது. கல்யாணமான புதிதில் விடுதிக்கு அழைத்துப் போய், அங்கிருந்த லிஃப்டை நம்பாமல் நான்கு மாடியும் மனைவியைப் பெட்டியோடு படியேற வைத்த புண்ணியவான். எதிலும் குறை கண்டுபிடிப்பார். பாராட்ட மட்டும் வாய் வராது.

பிரச்சினை சின்னதாகத்தான் தொடங்கியது. அவருடைய மனைவி டீச்சர். முப்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளிக்கு மாற்றல் வந்தது. வீட்டிலிருந்த கார் பழையதுதான், ஆனாலும் முக்கி முனகி ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் ஒரு நாள் சாயங்காலம் அதைச் சோதித்தார். 'உபயோகத்துக்குத் தகுதியற்றது' என்று தாமே எழுதி, தாமே கையெழுத்துப் போட்டு, மறுநாளே காயலான் கடையில் தள்ளிவிட்டார்.

"அடுத்த வண்டி வர்ற வரைக்குமாவது வெச்சிருக்கலாமே?" என்றாள் மனைவி.

"பிரேக் போய் நீ செத்துட்டா?"

அன்றிலிருந்து டீச்சர் இரண்டு பஸ் மாறிப் போனாள். காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, சாயங்காலம் ஏழு மணிக்குக் கசங்கிப்போய் வந்தாள். இரண்டு மாதம் பொறுத்தாள். பிறகு ஒரு நாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாள்.

"ஸ்கூல் குவார்ட்டர்ஸ்ல ஒரு வீடு காலியா இருக்காம். அடுத்த மாசம் போய் அதுக்கடுத்த மாசம் ஒண்ணாம் தேதிக்குள்ள பதில் சொல்லணும்."

"எதுக்கு? நாந்தான் கார் பாக்கறேன்னு சொல்லியிருக்கேனே."

"நான் என்ன தேரா கேக்கறேன்? நடுத்தரமா ஒரு செடான். பழசா இருந்தாலும் பரவால்ல. தினம் போய்ட்டு வரணும், நடுவழியில நிக்கக் கூடாது. அவ்வளவுதான். ஒண்ணாம் தேதிக்குள்ள வாங்கலேன்னா நான் போறேங்க. நீங்க சனி ஞாயிறு வந்து பாருங்க."

போனால் அவள் திரும்பி வரமாட்டாள் என்று ஆய்வாளருக்குத் தெரிந்தது. இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, சனி ஞாயிறு விருந்தாளியாகப் போய் அவள் கதவைத் தட்டுவதை நினைக்கவே பயமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது வேறு.

"குவார்ட்டர்ஸ் கூரையெல்லாம் ஒழுகும். பாத்துக்கோ."

ஞாயிறுதோறும் பழைய கார் புரோக்கரின் மைதானத்துக்குப் போகத் தொடங்கினார். கையில் டார்ச், சின்னக் கண்ணாடி, சுத்தியல், குறை எழுத ஒரு பேடு. முதல் ஞாயிறு ஒரு வெள்ளைக் கார்.

"மீட்டர் நாப்பதாயிரம்னு காட்டுது. பெடல் ரப்பர் தேய்ஞ்சிருக்கறதைப் பாத்தா ஒன்றரை லட்சம் ஓடியிருக்கும்," என்றார். "கார்ப்பெட்டுக்கு அடியில சேறு. வெள்ளத்துல முழுகின வண்டி." மூன்று பக்கத்துக்கு முப்பத்தெட்டு குறைகளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

புரோக்கர் கோபப்படவில்லை. அந்த மூன்று பக்கத்தையும் மடிக்காமல் பத்திரமாக வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிறு போனபோது வெள்ளைக் கார் இல்லை.

"வித்துப் போச்சு சார்! நீங்க எழுதினதை வரிசையா சரி பண்ணி, பக்கத்துல டிக் அடிச்சு, உங்க ரிப்போர்ட்டையே கண்ணாடியில ஒட்டி வெச்சேன். 'லிஃப்ட் ஆபீசரே பாத்த வண்டி'ன்னு புதன்கிழமையே கொத்திட்டுப் போயிட்டாங்க."

இதுதான் தலைவலியின் ஆரம்பம். அவர் கழித்த கார்கள் எல்லாம் அந்த மைதானத்திலேயே சிறந்த கார்களாக மாறி, அடுத்த ஞாயிறுக்குள் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அவருக்காக மீதியிருந்தவை இன்னும் மோசமான கார்கள்.

எழுதினால்தானே வம்பு என்று, மூன்றாவது ஞாயிறு வாயால் மட்டும் சொன்னார். புரோக்கர் அதைச் செல்போனில் பதிவு செய்து, வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார். "உங்க குரல்ல ஒரு சோகம் இருக்கு சார். கேட்டாலே நம்பிக்கை வருது," என்று வேறு சொன்னார்.

ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போனால் சட்டென்று முடிவெடுக்கலாம் என்று நான்காவது ஞாயிறு ஒருவரை அழைத்துப் போனார். மெக்கானிக் ஒரு பச்சைக் காரைச் சுற்றி வந்து, "தாராளமா எடுக்கலாம் சார்," என்றார். ஆய்வாளர் அதே காரில் இருபத்தாறு குறை எழுதினார். அதைச் சரிசெய்ய ஆள் வேண்டுமே என்று புரோக்கர் அந்த மெக்கானிக்கை அங்கேயே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். வந்தவருக்கு வேலை கிடைத்தது. அழைத்து வந்தவருக்குக் கார் கிடைக்கவில்லை.

ஐந்தாவது ஞாயிறுதான் அந்த நீலக் கார். அதையும் முப்பத்தொரு குறையோடு புரோக்கரிடமே விட்டுவிட்டு வந்தார்.

ஆறாவது ஞாயிறு ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. இரண்டு மணி நேரம் தேடியும் பதினேழுக்கு மேல் கிடைக்கவில்லை. மனமில்லாமல் அதையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தார்.

"இன்னிக்கு எத்தனை?" என்றாள் மனைவி. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

"பதினேழு."

அவளுடைய பேனா நின்றது. "பதினேழுதானா? மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம்..." ஆய்வாளர் பேடைக் கீழே வைத்தார். "நல்லாத்தான் இருக்கு."

அவள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். இருபது வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. சமையல், புடவை, பாட்டு, எதற்கும் வந்ததில்லை. பிறகு அடுத்த விடைத்தாளை எடுத்துத் திருத்தத் தொடங்கினாள்.

அந்த வாரம் வீடு ஒரு மாதிரியாக இருந்தது. முதல் மூன்று நாள் அவள் எட்டரை மணிக்கு வந்தாள். வியாழக்கிழமையிலிருந்து ஐந்தரைக்கே, பஸ் ஸ்டாப் இல்லாத பக்கத்திலிருந்து நடந்து வந்தாள். முகத்தில் வியர்வையில்லை, அலுப்பில்லை.

"பஸ் சீக்கிரம் வந்துடுச்சா?"

"ஆமாங்க."

பஸ்ஸைப் பற்றி அவள் புலம்பவில்லை. அதுவே அவரைப் பயமுறுத்தியது. சத்தம் போடும் லிஃப்டை நம்பலாம்; சத்தமில்லாமல் போவதுதான் ஆபத்து என்று அவருக்குத் தொழிலில் பழக்கம். சனிக்கிழமை அலமாரியைத் திறந்தபோது அவளுடைய புத்தகத் தட்டு காலியாக இருந்தது. திங்கள் ஒண்ணாம் தேதி.

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு காரை அப்படியே, குறையோடு வாங்கிக்கொள்ள முடியாத மனிதனோடு எந்தப் பெண்தான் இருப்பாள் என்று முதல் தடவையாக யோசித்தார். அவள் இல்லாத வீட்டில் எல்லாமே சரியாக இருந்து என்ன பிரயோஜனம்? கண்ணில் நீர் வந்தது. முடிவு செய்துவிட்டார். பதினேழு குறையோடும் அந்தச் சாம்பல் காரை வாங்கி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "வா, உன்னைத் தினமும் நானே கொண்டு விடறேன்," என்று சொல்லிவிடுவது.

ஞாயிறு காலை டார்ச் இல்லை, சுத்தியல் இல்லை, பேடு இல்லை. வெறுங்கையோடு மைதானத்துக்குள் நுழைந்தார். வழியில் நின்ற கார்களின் டயரைக்கூட அவர் பார்க்கவில்லை. அப்படி நடப்பது அவருக்கே கூச்சமாக இருந்தது. புரோக்கர் இல்லை. கார் கழுவுகிற அம்மா மட்டும் வாளியோடு நின்றாள்.

"அந்தச் சாம்பல் கார் எங்கம்மா? அப்படியே எடுத்துக்கறேன். எதையும் சரி பண்ண வேண்டாம்னு உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க."

அந்த அம்மா ஈரத் துணியைப் பிழிந்தபடி சிரித்தாள்.

"அதைப் புதன்கிழமையே ஒரு டீச்சரம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்களே சார்! மூணு நாளு சாயங்காலம் வந்து, நீங்க எழுதின பதினேழையும் பக்கத்துலயே நின்னு சரி பண்ண வெச்சாங்க. டிக்கியில நாலு பெட்டி கொள்ளுமான்னு அளந்து பாத்தாங்க. கெளம்பறப்போ கண்ணாடியில ஒட்டியிருந்த உங்க ரிப்போர்ட்டை உரிச்சு பையில வெச்சுக்கிட்டு, 'இந்த மனுஷன் எழுத்தை நம்பி கண்ண மூடிக்கிட்டு வண்டி வாங்கலாம்மா, கூடக் குடியிருக்கத்தான் முடியாது'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."