குறட்டையும் என்னுடையது, குற்றமும் என்னுடையது

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இது நானே என் கையால் எழுதும் கடிதம். கொம்பு எங்கேயாவது இடம் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இந்த வயதில் எனக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது உங்கள் மகள்தான். இங்கே எல்லோரும் நலம், நான் மட்டும் கொஞ்சம் களைப்பு. அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் நேரத்துக்கு உண்டு உறங்கி வரவேண்டும். உறங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு நேற்றுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குத் தூக்கப் பரிசோதனை செய்யப் பயிற்சி கொடுத்தார்களே, அதற்கு நேற்று மதியம் பரீட்சை. தேறினால் உங்கள் மகளுக்கு அந்தப் பிரிவிலேயே வேலை. தவறினால் பழையபடி வார்டுக்கு வார்டு ஓட்டம்தான். தூங்கிக் காட்ட ஓர் ஆளை அவரவரே கூட்டி வரவேண்டுமாம். "மாமா, தட்டுல கை வச்சுக்கிட்டே தூங்குறவரு நீங்க, நீங்களே வாங்க" என்றாள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. போனேன். தலையை டேப் வைத்து அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, பசை தடவி, வயர் ஒட்டினாள். வழுக்கை நேற்றுதான் ஒரு வேலைக்கு உதவியது. கண்ணோரம் இரண்டு, தாடையில் ஒன்று, நெஞ்சில் பட்டை, மூக்கில் குழாய், விரலில் கிளிப்பு. மூட்டை கட்டின மாதிரி என்னைப் படுக்க வைத்துத் திரையை இழுத்துவிட்டு, வயர் காட்டும் கோடுகளைக் கம்ப்யூட்டரில் பார்க்கப் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். தூக்கம் வந்ததா? வரவில்லை. திரும்பிப் படுக்கலாம் என்றால் வயர் பிடுங்கிக்கொள்ளுமோ என்று பயம். அப்போதுதான் எதிர்ச் சுவரில் எழுத்து நிறைந்த ஒரு போர்டைப் பார்த்தேன். எழுத்தைக் கண்டால் நான் விடுவேனா? திரை இடுக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் கூட்ட ஆரம்பித்தேன். இரண்டு வரி போனதும் பரீட்சை ஞாபகம் வந்தது. ஐயையோ, பெண் தோற்றுவிடுவாளே என்று சத்தமாக ஒரு குறட்டையை எடுத்துவிட்டேன். படிப்பையும் நிறுத்தவில்லை.

பக்கத்து அறை மைக்கை அணைக்க மறந்துட்டாங்க போல, பேச்செல்லாம் எனக்குக் கேட்டது.

"கண்ணு ஓடுது பாருங்க, தூக்கத்துல இது என்ன நிலை?" பயிற்சி கொடுத்த அம்மா கேட்டாங்க.

"கனவு மேடம்," கூட இருந்த நர்சுங்க ஒரே குரலில்.

"நீ சொல்லும்மா."

"முழிச்சிருக்காரு மேடம்," நம்ம பொண்ணு.

"குறட்டை கேக்குதே?"

"அது அவரு சொந்தத் தயாரிப்பு மேடம். கண்ணு படிப்படியா வலது பக்கம் போயிட்டு சட்டுனு இடது பக்கம் திரும்புது. கனவுன்னா தாடை தளர்ந்திருக்கணும், இங்க தாடை சும்மாவே இல்ல. வாய்க்குள்ள எழுத்துக் கூட்டுறாரு மேடம். எதையோ படிக்கிறாரு."

கதவு திறந்தது. "பெரியவரே, எது வரைக்கும் வந்தீங்க?"

"மூணாவது வரிங்க."

அந்த அம்மா சிரிக்கக்கூட இல்லை. வயரைக் கழற்றச் சொல்லிட்டுப் போயிட்டாங்க. தூங்கவே தூங்காத ஆளை வைத்து என்ன மார்க் போடுவாங்க? இவளும் அப்படியே ராத்திரி டியூட்டிக்குப் போயிட்டு வந்து இப்பத்தான் கண்ணசந்திருக்கா. எழுப்பிக் கேட்க எனக்கு மனசு வரலை. தோற்றால் அவளை ஒரு சொல் சொல்லாதீங்க, திட்டறதை என்னைத் திட்டுங்க. அந்த அறைப் பக்கம் இனிமேல் நான் தலைவைத்துப் படுக்கமாட்டேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
களைத்துப்போன சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் வணக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடவும். இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, தேறிவிட்டாள். "தூங்குறவரை எழுப்பிடலாம், தூங்குற மாதிரி நடிக்கிறவரை எழுப்ப முடியாதுன்னு சொல்லுவாங்க. இந்தப் பொண்ணு கண்டுபிடிச்சிட்டா" என்று அந்த அம்மா சொன்னாங்களாம். அடுத்த பயிற்சிக்கும் நானே வந்து படுக்கணுமாம், கனவு எது படிப்பு எது என்று காட்ட. முடியவே முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். நாலாவது வரி பாக்கி இருப்பது ஞாபகம் வந்தது.