தங்கபஸ்பம் சார் எடுக்க மறந்த மூடி

அறுபதுகளின் பம்பாயில், தங்கத்தைப் பார்த்ததும் 'இதை எவ்வளவு பலமாக அடிக்கலாம்?' என்று யோசித்த ஒரே மனிதர் எங்கள் தங்கபஸ்பம் சார்தான். செம்பூர்ப் பக்கம் ஒரு சின்ன சோதனைக்கூடத்தில் எனக்கு மேலதிகாரி. வெடிமருந்தால் ஓர் எஃகுத் தகட்டை வீசி, காலணா அகலத் தங்கத்தின் மேல் மோதவிட்டு, அது எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பது அவர் வேலை. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்து, தங்கம் போன இடம் தெரியாது. அதனால்தான் அந்தப் பெயர்.

அவரோடு மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போனால் மானம் போகும். கத்திரிக்காய் பொறுக்கும் மாமிகளின் வளையலைச் சுட்டிக்காட்டி, "மெள்ள அழுத்தினா இது பேசாம இருக்கும். திடீர்னு அடிச்சேளோ, சுருங்கிண்டே கொதிக்கும், தெரியுமோ?" என்பார். மாமிகள் கையைத் தலைப்புக்குள் இழுத்துக்கொள்வார்கள். நான் தேங்காய்க் கடைக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவேன்.

தங்கக் கட்டுப்பாடு வந்திருந்த காலம். மாசக்கணக்கில் அலைந்து வாங்கிய சுத்தத் தங்கத் தகடு ஒன்றே ஒன்று. டைரக்டர் முதல் வாட்ச்மேன் வரை காத்திருக்க, வெடித்தது. அளக்கும் கருவியின் திரையில் ஒரு கணம் மின்னும் ஒளிக்கோட்டைக் காமிரா படம் பிடித்தால்தான் கணக்கு. பிடிக்கவில்லை. சார் காமிராவின் மூடியை எடுக்கவே இல்லை!

யாரும் திட்டவில்லை. "மூடி பத்திரமா இருக்கா சார்?" என்று கேன்டீனில் ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து சார் கேன்டீனுக்கே வரவில்லை. பின்வாசலில் நுழைந்து பின்வாசலிலேயே போனார். யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபியோடு தன் வளையல் ஒன்றையும் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதை அடிச்சுக்கோங்கோ. எனக்கு ஒண்ணு போறும்."

சார் அதை எடுத்துப் பார்த்தார். "செம்பு கலந்திருக்குடி. கணக்கு தப்பிடும்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாமி அசரவில்லை.

"அப்போ சாப்பாட்டையாவது சாப்பிடுங்கோ. டப்பா கொடுத்தபடியே திரும்பி வரது. சிரிக்கறவா சிரிச்சுட்டுப் போறா."

சாரின் காது சிவந்தது. வளையலைத் தானே மாமியின் கையில் மாட்டப் போனார். பாதியில் சிக்கியது. அவர் அழுத்தவில்லை. சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

திங்கட்கிழமை டப்பாவோடு கேன்டீனுக்கு வந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நேராக என் மேஜைக்கு வந்து, "தள்ளி உக்காருடா" என்றார், தலை நிமிராமல். தள்ளி உட்கார்ந்தேன். அவர் மோர் சாதத்தை முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும்.