உன் இயந்திரத்தை நாங்கள் காப்பாற்றிய விஷயம்

ஊரிகம்,
கோலார் தங்கவயல்.

அன்பு மருமகள் சங்கமித்ராவுக்கு,

உன் தாய்மாமன் கௌதமன் ஆசிகளுடன் எழுதுவது. பகவான் புத்தர் கருணையால் இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். உன் ஆராய்ச்சி சுகமா என்றும் கேட்டிருப்பேன். அதைக் கெடுத்ததே நாங்கள்தான் என்பதால் கேட்க வாய் வரவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அடுத்த சோதனையை உன் பேராசிரியர் வேறு மாநிலத்துச் சுரங்கத்துக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார் என்று உன் அம்மா சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் நடந்ததை எங்கள் வாயாலும் ஒருமுறை கேட்டுவிடு.

அன்று நம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் பழைய கல் வடிகாலுக்குள் சுரங்கங்களைச் சோதிக்க நீ செய்த ஆறு சக்கர இயந்திரத்தை இறக்கினாய். "மாமா, இதுக்கு ரிமோட் கிடையாது. எது சுவரு, எது தண்ணி, எது விரிசல்னு கேமராவுல பாத்து அதுவே தெரிஞ்சிக்கினு, தானே திரும்பி வரணும். யாரும் கிட்ட போவாதீங்க, அதான் டெஸ்ட்டே" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு, பேராசிரியரை அழைத்துவர பங்காருபேட்டை ஸ்டேஷனுக்குப் போனாய். நானும் பெரிய மனுஷன்போலத் தலையை ஆட்டினேன். ஆனால் நீயே யோசித்துப் பார் அம்மா, சுரங்கத்தை மூடிய பிறகு இந்த ஊரிலிருந்து கீழே இறங்கிய முதல் ஜீவன் அதுதான். இப்போது காலையானால் எல்லோரும் பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிறார்கள், வேலைக்கு இறங்குகிறவன் என்று யார் இருக்கிறார்கள்? நெற்றியில் விளக்கோடு அது இருட்டுக்குள் போனதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். ஷிப்டுக்கு ஊதும் சுரங்கச் சங்கு ஊதாதது ஒன்றுதான் குறை. பக்கத்து வீட்டுத் தங்கம்மா "பத்திரமா போய்ட்டு வா கண்ணு" என்றே சொல்லிவிட்டாள். லைன் முழுக்க நாற்காலியோடு வந்து உட்கார்ந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே விளக்கு அணைந்தது. சந்தேகம் வந்தால் அது நின்று யோசிக்கும், அப்போது சார்ஜ் செலவாகாமல் இருக்க விளக்கை அணைத்துக்கொள்ளும் என்று உன் அம்மா பிறகு சொன்னாள். அப்போது எங்களுக்கு எப்படித் தெரியும்? சுரங்கத்தில் ரெஸ்க்யூ டீமில் இருந்தவன் ஆர்தர், உனக்குத் தெரியுமே. அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"டேய் கௌதமா, லாம்ப் அணைஞ்சி பூட்ச்சி! இன்னாடா குந்தினு கீற?"

"அது மிஷின்டா, தானே வரும்."

"உங்கப்பன் கீழ மாட்டிக்கினப்ப தானே வருவார்னு நாங்க வூட்டுக்குப் போனமா?"

அப்பா கீழே மாட்டிக்கொண்ட அன்று சுரங்க ஷாஃப்ட் வாசலில் நின்றவர்களில் ஒருவர்கூட நகரவில்லை. அவர் கேஜ் லிஃப்டில் ஏறி வந்தபோது அத்தனை பேரும் அங்கேயே இருந்தார்கள். அதனால் நானும் ஆர்தரும் இன்னும் இரண்டு பழைய சுரங்கக்காரர்களுமாக நாலு கிழவர்கள் டார்ச்சோடு வடிகாலுக்குள் போனோம். எங்களைக் கண்டதும் அது பின்வாங்கியது. நாங்கள் முன்னே போக அது பின்னே போக, "பயப்படாதப்பா, வந்துட்டோம்" என்று ஆர்தர் கெஞ்ச, ஒரு திருப்பத்தில் மடக்கி, கயிற்றுக் கட்டிலில் கட்டி வெளியே தூக்கினோம். சக்கரங்கள் அப்போதும் சுற்றிக்கொண்டே இருந்தன. இருட்டில் கிடந்தவனுக்கு வெயில் கண்ணில் படக் கூடாது என்பது நம் வழக்கம், அதனால் என் துண்டால் கேமராவை மூடினேன். தங்கம்மா கம்பளி போர்த்தினாள்.

அந்த நேரம் பார்த்தா நீயும் பேராசிரியரும் வந்து இறங்க வேண்டும்! கட்டிலையும் கம்பளியையும் சுற்றி நின்ற பெண்களையும் பார்த்து, யாரோ போய்விட்டார் என்று பாவம் அந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏனாய்த்து?", என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் மெல்லக் கேட்டார். "உயிரோட எட்த்துட்டோம் சார்!" என்று ஆர்தர் அவரைக் கட்டிக்கொண்டான். நீ கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, இது உங்க நாலு பேரையும் சரிஞ்சு வர்ற பாறைன்னு எழுதிகீது" என்றாய். அதன்பிறகு நீ என்னோடு பேசவில்லை.

கோபம் நியாயம்தான். ஆனால் வேறு ஊருக்குப் போகாதே தாயே. உன் சோதனை இங்கே நடக்கட்டும், உன் பட்டம் இந்த மண்ணிலிருந்து வரட்டும். அன்றைக்கு நாங்கள் ஒருத்தர் விடாமல் பங்காருபேட்டைக்கு ரயிலேறிப் போய்விடுகிறோம். வடிகால் பக்கம் எங்கள் நிழல்கூட விழாது, இது சத்தியம்.

புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளும் உன்னைக் காக்க. படிப்பு முடித்து, பல்லாண்டு நன்றாக இரு.

உன் பிரியமுள்ள மாமன்,
கௌதமன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை இங்கேயே சோதனையாமே! லைன் முழுக்கச் சொல்லிவிட்டேன். பங்காருபேட்டைக்குப் போவதாக எழுதினேன் அல்லவா, அது நடக்காது. ஆர்தர் அதற்குள் வடிகால் வாசலில் காவல் நிற்க எங்களுக்கு ஷிப்ட் பிரித்துவிட்டான். அது தானாகவே வந்துவிடும் என்று எனக்கும் இப்போது தெரியும். இருந்தாலும், கீழே போனது மேலே வரும்போது வாசலில் ஒரு ஆள் இல்லையென்றால் அது என்ன ஊர்? உள்ளே போக மாட்டோம், வெளியேதான் நிற்போம். ஆர்தர் கையில் இருக்கப்போகும், நுனியில் கயிற்றுச் சுருக்குக் கட்டிய நீளக் கம்பு எதற்கு என்று மட்டும் பேராசிரியர் முன்னால் கேட்டுவிடாதே.